வீடு எந்தப் பக்கம்

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வீட்டில் வைத்துப் பேசி முடித்தாயிற்று. வைகாசியில் எனக்குக் கல்யாணம். முப்பத்தெட்டு வயதில் இந்த வார்த்தையை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. எனக்கு இது இரண்டாவது. மாப்பிள்ளை திரு. தனபாலுக்கும் அப்படித்தான்.

என் மகள் நறுமுகையின் அப்பா திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். திரு. தனபாலின் மனைவி கலைச்செல்வி காய்ச்சலில் போய் நான்கு வருடமாகிறது. அவருக்கு ஒரே பெண், மிருதுளா. ஜூனில் பத்தாம் வகுப்பு. என் முகைக்கு நான்காம் வகுப்பு. இதில் காதல் கத்தரிக்காய் எதுவும் கிடையாது. இரண்டு வீட்டிலும் ஒரு ஆள் குறைகிறது, அவ்வளவுதான்.

எங்களைத் தனியாகப் பேச விட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்க காலைல எத்தனை மணிக்கு வேலைக்குப் போகணும்?"

நான் தில்லைநகரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், வாடகைக்கு. அவருக்கு வேலை துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில். காட்டூரில் சொந்தமாக ஒரு ஃப்ளாட் இருக்கிறது. திருச்சியின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும்.

"அந்த வீட்ட வித்துடலாங்க. உங்களுக்குப் பிடிச்ச பக்கமா புதுசாப் பாத்துக்கலாம்" என்றார்.

சரியான யோசனை என்றேன். காட்டூரில் லாரி சத்தம், வாய்க்கால் பக்கம் கொசு, விலையும் ஏறாது என்று அத்தான் சொல்கிறார். நான் அந்தப் பக்கம் போனதில்லை.

ஏப்ரல் 9, புதன்

மாவு அரைத்தேன். முகைக்குக் கணக்குத் தேர்வு. திரு. தனபால் போன் செய்தார், ஸ்ரீரங்கத்தில் தண்ணீர் எப்படி என்று கேட்பதற்காக. தண்ணீரைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வயலூர் ரோட்டில் வீடு பார்த்தோம். தரகர் சிக்கந்தர் பாய் முன்னால் ஸ்கூட்டரில் போக, நானும் தனபாலும் தனபாலின் வண்டியில் பின்னால் போனோம். எனக்குப் பின்சீட்டு வசதிப்படாது. ஆனாலும் தனித்தனியாகப் போவது பெட்ரோலுக்குக் கேடு.

"மேடம், இன்னிக்கு இங்க ஆடு மேயுது. அஞ்சு வருசம் கழிச்சு வந்து பாருங்க, கார் நிறுத்த இடம் இருக்காது" என்றார் பாய்.

"அப்போ நாங்க எங்க நிறுத்துறது?" என்று தனபால் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம். எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

வீடு நன்றாக இருந்தது. பக்கத்தில் பெரிய பள்ளிக்கூடம். மருத்துவமனைக்கு எனக்கு ஒரே பஸ். அத்தான் போனில் துள்ளிக் குதிக்கிறார்: இப்போது வாங்கினால் விலை இரண்டு மடங்காகுமாம். துவாக்குடிதான் இங்கிருந்து தூரம். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் தனபால்.

மிருதுளா வீடு பார்க்க வரவில்லை. படிக்கிறாளாம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி செய்து காட்டூருக்குக் கொடுத்தனுப்பினேன். டப்பா பளபளவென்று தேய்த்துக் கழுவப்பட்டு, ஒரு வார்த்தையும் இல்லாமல் திரும்பி வந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

காலை ஷிஃப்டுக்கு வயலூர் ரோட்டிலிருந்து கிளம்பிப் பார்த்தாராம். "முக்கா மணி நேரம்தாங்க, ஒண்ணும் தெரியல" என்றார். குரல் கரகரவென்று இருந்தது. தூசியாக இருக்கும். ஓமவல்லி இலைக் கஷாயம் எப்படி வைப்பது என்று சொன்னேன். யாருக்கென்றாலும் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கே.கே. நகர். ஊருக்கு நடுவாக இருக்கிறது, இருவருக்கும் பாதித் தூரம். நாங்கள் நினைத்திருந்த விலைக்கு அங்கே ஒரு ஹாலும் பால்கனியும்தான் கிடைக்கும்போல. படுக்கையறை வேண்டுமென்றால் அது தனி விலை.

நேற்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தோம். பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோருக்கு நேர்காணல். குழந்தைகளின் குட்டி நாற்காலியில் எங்களை உட்கார வைத்தார்கள். தனபாலின் முழங்கால் தாடை வரை வந்துவிட்டது. கண்ணாடி போட்ட அம்மாள் ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டுவிட்டுக் கடைசியில், "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்றார்.

"இன்னும் ஆகலைங்க" என்றார் தனபால்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். நான் விளக்கம் சொல்லப் போய், நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமி, தண்ணீர் கேட்டு, ஒரே அமளி. இடம் காலியில்லை என்று இன்று காலை தகவல் வந்தது. நேற்று பள்ளி வாசலில் இருந்த கரும்புச்சாறு வண்டியில் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம். நல்ல பொழுது என்றுதான் சொல்ல வேண்டும். வேலை ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தனபாலே ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு கண்டுபிடித்திருக்கிறார். நான் இப்போது இருக்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. முகைக்குப் பள்ளி மாற்ற வேண்டாம், எனக்கு எதுவுமே மாற்ற வேண்டாம்.

"உங்களுக்குத் தூரமாச்சே" என்றேன்.

"வண்டி இருக்குல்ல."

"மிருதுளாவுக்கு?"

"பக்கத்துலேயே ஸ்கூல் பாத்துக்கலாம். அவ எதுவும் சொல்ல மாட்டா." பிறகு, "எதுவுமே சொல்றதில்ல அவ" என்றார்.

காட்டூர் ஃப்ளாட்டுக்கும் ஒருவர் வந்துவிட்டாராம். அடுத்த வாரம் முன்பணம் தருகிறாராம். எல்லாம் நான் கேட்டபடியே நடக்கிறது. மாலையில் கோயில் பக்கம் போய்விட்டு வந்தேன். ஏனோ தலைவலி. வெயிலாக இருக்கும்.

மே 3, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரம். அடுத்த ஆளைக் கூப்பிட்டால், வந்து நின்றது மிருதுளா. அக்கா வீட்டில் ஒரு முறை பார்த்ததுதான். ஒல்லியாக, அப்பாவைப் போல நெடுநெடுவென்று.

"உடம்புக்கு என்னம்மா? அப்பா எங்க?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்குத் தெரியாது."

கேன்டீனுக்கு அழைத்துப் போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தொடாமல் கேட்டாள்: "எங்க வீட்ட விக்கச் சொன்னது நீங்களா?"

"நான் சொல்லல. உங்கப்பாதான் முதல் நாளே சொன்னார்."

"நீங்க வேணாம்னு சொல்லலையே."

"சொல்லல."

"பாக்கக்கூட வரலையே ஆன்ட்டி. வயலூர் ரோடு போனீங்க, கே.கே. நகர் போனீங்க. எங்க வீட்டுக்கு மட்டும் வரல."

நான் லாரி சத்தத்தைச் சொன்னேன். கொசுவைச் சொன்னேன். விலை ஏறாது என்றும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"லாரி மெயின் ரோட்டுல போகும். எங்க வீடு உள்ள தள்ளி. கொசு ஸ்ரீரங்கத்துல இல்லையா? விலை ஏறலன்னா என்ன, நாமதான் விக்கப்போறதில்லையே" என்றாள். பிறகு ரோஸ் மில்க்கை ஒரே மூச்சில் குடித்தாள். பசியோடு வந்திருக்கிறாள்.

"நான் கல்யாணம் வேணாம்னு சொல்லல. அப்பா இப்பல்லாம் குளிக்கும்போது பாடுறாங்க. கேக்கச் சகிக்கல, ஆனா பாடட்டும். எனக்கு வீடு மட்டும் வேணும். நீங்களும் அங்கயே வந்து இருந்துக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இரண்டு பரோட்டா வாங்கி வந்து வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். வயலூர் ரோட்டிலிருந்து ஓட்டிப் பார்த்த அன்று அவள் அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனதாம். வீட்டுக்கு வந்து தட்டு முன்னாலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாராம்.

"உங்ககிட்ட முக்கா மணின்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமா."

"அப்பா அப்படித்தான்."

நானே பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்தவள், பஸ் நகரும்போது, "பச்சடி நல்லாயிருந்துச்சு" என்றாள்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் இன்றுதான் தொடக்கம். முகையை அழைத்துக்கொண்டு காட்டூர் போனேன். அவருக்கு இன்று ஷிஃப்ட். மிருதுளாதான் கதவைத் திறந்தாள்.

இரண்டாவது மாடி. நான் என்னவோ நினைத்துக்கொண்டு போனேன், சாத்திவைத்த அறைகள், ஊதுபத்தி மணம் என்று. ஹாலில் துவைத்த துணி குவியலாகக் கிடந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்கு மேலே கலைச்செல்வியின் படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மாலை போட்டிருந்தாலும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

சமையலறை அலமாரி எனக்கு எட்டவேயில்லை. நுனிக்காலில் நின்றும் சர்க்கரை டப்பாவைத் தொட முடியவில்லை.

"அம்மா நல்ல உயரம்" என்று மிருதுளா எடுத்துக் கொடுத்தாள்.

முகை அதற்குள் பால்கனிக்குப் போய்விட்டாள். தஞ்சாவூர் பக்கம் போகும் ரயிலின் சத்தம் அங்கே கேட்கிறது. அவள் கத்திக் கூப்பிட, மிருதுளாவும் ஓடினாள். இரண்டு பேரும் அது கூட்ஸ் வண்டியா பயணிகள் வண்டியா என்று சண்டை பிடித்தார்கள். நான் ஹாலில் தனியாக நின்றேன்.

துணியை மடித்து வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை, அதனால்தான்.

புறப்படும்போது படத்தைப் பார்த்து என்னையறியாமல் "வர்றேங்க" என்று சொல்லிவிட்டேன். போகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

மே 5, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு நேரே ஸ்ரீரங்கம் வந்துவிட்டார். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

"மிருதுளா எல்லாத்தையும் சொன்னா. அவ சின்னப் புள்ள, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. ஸ்ரீரங்கத்து வீட்டையே முடிச்சுடலாம்."

"உங்களுக்கு அந்த வீட்ட விக்கணும்னு இருக்கா?"

சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"இருக்கா இல்லையா?"

"இல்லங்க" என்றார். "உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே."

"கேட்டு, நீங்க அந்த வீட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டா? அப்புறம் கல்யாணமே வேணாம்னு போயிட்டா? அதான், நானே முந்திக்கிட்டேன்."

நானும் ஏன் கேட்கவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது அவர் குணம்.

தரைக்கு டைல்ஸ் வாங்க அவரும் கலைச்செல்வியும் வெயிலில் கடை கடையாக அலைந்த கதையைச் சொன்னார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சிரித்துக்கொண்டே. டீ ஆறிவிட்டது, வேறு போட்டேன். பொறாமை என்று சொல்ல முடியாது. டைல்ஸ் மேல் எதற்குப் பொறாமை. ஆனால் இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் என்னிடம் மனம் விட்டுப் பேசி எத்தனையோ காலமாகிறது.

"நாங்க காட்டூருக்கே வர்றோம்" என்றேன். "அலமாரிய மட்டும் ஒரு முழம் இறக்கணும். படம் இருக்கற இடத்துலேயே இருக்கட்டும்."

"உங்களுக்கு ரெண்டு பஸ் மாறணுமே."

"உட்கார இடம் கெடச்சா போதும். தூங்கிட்டே போயிடுவேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொழிற்சாலைப் புகை கண்ணுக்கு ஆகாது.

மே 6, செவ்வாய்

ஃப்ளாட் வாங்க வந்தவரிடம் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். சிக்கந்தர் பாயிடம் சொல்வதற்கு எனக்குச் சங்கடமாக இருந்தது. எத்தனை ஞாயிறு எங்களோடு அலைந்தார். "அட, காட்டூரா? என் பொண்ணு அங்கதான் இருக்கா மேடம். நல்ல மீன் கெடைக்கிற கடைய அவகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

மே 8, வியாழன்

வசந்தா அக்காவோடு சண்டை.

"எவளாச்சும் இன்னொருத்தி கட்டுன வீட்டுல போய்க் குடித்தனம் பண்ணுவாளா? வயலூர் ரோட்டுல உன் பேரையும் சேத்து வாங்கியிருந்தா நாளைக்கு உனக்கு ஒரு பிடிமானம். அங்க உன் பேருல ஒரு செங்கல் உண்டாடி, மங்கை?"

"திருப்பூர்ல என் பேரும் சேந்துதானே இருந்துச்சு அக்கா? அந்த வீட்டுல என்னால இருக்க முடிஞ்சுதா?"

நான் இதை இப்படிச் சொல்வேன் என்று நினைக்கவில்லை. அக்கா எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு உன்கூட ஒத்துப்போகலன்னா?"

"தெரியலக்கா. வந்து இருந்துக்கங்கன்னு சொல்லியிருக்கா. இப்போதைக்கு அது போதும்."

புறப்படும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரு பெரிய பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாள்.

மே 13, செவ்வாய்

முகைக்கு மிருதுளாவின் பள்ளியில் இடம் கேட்கப் போனோம். நான்காம் வகுப்பில் இடம் குறைவு என்று வாசலிலேயே சொன்னார்கள். மிருதுளா "ஒரு நிமிஷம் இருங்க" என்று முகையின் கையைப் பிடித்துத் தலைமை ஆசிரியை அறைக்குள் கூட்டிப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது.

"யாரும்மா இது?"

"எங்க வீட்டுப் பொண்ணு மிஸ். கணக்கு நல்லாப் போடுவா."

முகை கணக்கில் சுமார்தான். இடம் கிடைத்துவிட்டது. வெளியே வந்து, "நீ கணக்கு ஒழுங்காப் போடலன்னா என் மானம் போயிடும். லீவு முழுக்க நான் சொல்லித் தரேன்" என்று மிரட்டினாள். ஸ்ரீரங்கத்துத் தோழிகளை நினைத்து நேற்றுவரை அழுதுகொண்டிருந்த முகை, இன்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தாள்.

மே 20, செவ்வாய்

அலமாரியை இறக்க ஆசாரி வந்தார். ஒரு முழம் இறக்கியதில் இப்போது தனபாலின் தலை இடிக்கிறது. இரண்டு தடவை இடித்துக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு" என்கிறார்.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரே அறை. ஜன்னலோரம் யாருக்கு என்று பஞ்சாயத்து. ஒரு வாரம் ஒருத்திக்கு என்று தீர்ப்பு.

மே 28, புதன்

வயலூர் முருகன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். பதிவும் ஆயிற்று. அக்கா அழுதாள், அத்தான் இப்போதும் வயலூர் ரோட்டு மனைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். சாம்பார் சாதம், வடை, பாயசம். அரக்குப் பட்டு எனக்குப் பொருத்தமாக இருப்பதாக அவர் சொன்னார். வேறு என்ன எழுத. நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. எனக்கும் விடுப்பு முடிந்தது. காலையில் நால்வருக்கும் நான்கு டப்பா. அவர் முதலில் கிளம்பினார், அடுத்து பிள்ளைகள் நடந்து போனார்கள், கடைசியாக நான். முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, இரண்டாவதில் இல்லை.

மாலை வேலை முடிந்து சத்திரம் பேருந்து நிலையம் வந்தேன். நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுத்த களைப்பு. பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் கேட்டதும் "அம்மா மண்டபம்" என்றேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது சுகமாக இருந்தது. பாலம் முடியும்போதுதான் உறைத்தது. நான் இப்போது ஸ்ரீரங்கத்துப் பக்கம் குடியில்லை.

இறங்கி, திரும்ப பஸ் பிடித்து, சத்திரம் வந்து, துவாக்குடி பஸ் ஏறி, காட்டூரில் இறங்கும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. நிறுத்தத்தில் மிருதுளா நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை. அவள் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி முகை.

"போன் எதுக்கு வச்சிருக்கீங்க? எத்தன தடவ அடிக்கிறது?"

பரிசோதனைக் கூடத்தில் போனின் சத்தத்தை அடக்கி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது.

"பஸ் கெடைக்கலம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்ரீரங்கம் பஸ்ல ஏறிட்டீங்கதானே?"

முகை களுக்கென்று சிரித்தாள். மிருதுளா போனை எடுத்தாள். "அப்பா, வந்துட்டாங்க. ஆமா, நல்லாத்தான் இருக்காங்க. நீங்க சத்திரத்துல தேடுனது போதும், திரும்பி வாங்க." பிறகு என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழி முழுக்கத் திட்டு. பஸ் போர்டைப் படிக்க வேண்டாமா, பயந்து போனோம் தெரியுமா, இந்தச் சின்னப் புள்ள அழுதுச்சு, அப்பா வந்த காலோடவே ஓடுனாங்க.

அவர் வந்ததும் எதுவும் கேட்கவில்லை. சட்டை முழுக்க வியர்வை. "தேட வச்சுட்டேன்" என்றேன். "பரவால்லங்க" என்றார்.

"என்ன பரவால்ல?" என்று அடுப்படியிலிருந்து மிருதுளா கேட்டாள். "ரெண்டு பேருக்கும் எல்லாமே பரவால்லதான். நான்ல நின்னுட்டிருந்தேன் அவ்ளோ நேரம்."

தோசை அவள்தான் ஊற்றினாள். என்னை எழுந்திருக்க விடவில்லை. ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, அக்காவின் ஊறுகாயோடு. நான் மூன்றாவதையும் தின்று முடித்தேன். அவள் கரண்டியோடு வந்து என் தட்டைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"இன்னொண்ணு ஊத்தவா?"

"ஊத்து" என்றேன்.